வேர்க்கட்டோடு ஊருக்குள் போங்கள்

கேள்வி: ஃபிஜி கிராமத்தில் ஒரு குடும்பத்தோடு தங்கித் தொண்டு செய்ய மகள் போகிறாள். முதல் நாள் என்ன கொண்டுபோக வேண்டும்?

பதில்: அரைக் கிலோ யங்கோனா வேர், அதாவது கவா பானம் தயாரிக்கும் செடியின் வேர். சந்தையில் பொடியாக வாங்காமல், முழு வேரைக் கட்டாகக் கேளுங்கள். 'செவுசெவு' எனும் வரவேற்புச் சடங்குக்கு அதுவே மரியாதை. தங்கும் வீட்டார் துணையோடு ஊர்ப் பெரியவர் முன் தரையில் வைக்க வேண்டும். கையில் திணிக்கக் கூடாது. வேரைக் கரைத்த பானம் தேங்காய்ச் சிரட்டையில் வரும்: ஒருமுறை கைதட்டி, 'புலா' என்று வாழ்த்துச் சொல்லி, ஒரே மடக்கில் குடித்து, மூன்று முறை தட்டவும். நாக்கு லேசாக மரத்துப்போகும், பயப்பட வேண்டாம்.

தொப்பி, கறுப்புக் கண்ணாடி ஊருக்குள் கூடாது. தோளும் முழங்காலும் மறைய, இடுப்பில் சுற்றும் 'சுலு' துணி இரண்டு எடுத்துவைக்கலாம். குழந்தைகளின் தலையைத் தடவ ஆசை வரும், தொடவே வேண்டாம். அங்கே தலை புனிதம்.