ஜப்பானிய வாளில் யார் பெயர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

குன்தோ என்ற போர்க்கால ஜப்பானிய ராணுவ வாள்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில். படம் அனுப்புகிறவர்கள் வாளின் முனை மேலே இருக்கும்படி பிடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். இதை எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

கேள்வி: பர்மா போர்முனையிலிருந்து தாத்தா கொண்டுவந்த வாள். நகாகோவில் (பிடிக்குள் மறைந்திருக்கும் அலகின் வால் பகுதி) கையெழுத்துக்கு மேலே ஒரே எழுத்துள்ள சின்ன முத்திரை. அது செய்தவர் பெயரா?

பதில்: இல்லை. செய்தவர் பெயர் உளியால் வெட்டியிருக்கும். முத்திரை அச்சால் அடித்தது. 'ஷோ' அல்லது 'செக்கி' என்ற எழுத்து என்றால் சோதித்து அடித்த முத்திரை. பெரும்பாலும் ஆலை எஃகில் செய்து எண்ணெயில் தோய்த்த வாளாகத்தான் இருக்கும். நட்சத்திரம் என்றால் கதை வேறு: ராணுவம் கொடுத்த தமஹகானே எஃகில் (இரும்பு மணலை உருக்கி எடுக்கும் பாரம்பரிய எஃகு), ராணுவ அங்கீகாரம் பெற்ற கொல்லர் பழைய முறையிலேயே அடித்தது. நங்கூரம் என்றால் கடற்படை. உங்களுடையது எது என்று தெளிவான படம் அனுப்புங்கள்.

கேள்வி: பின்பக்கம் 'ஷோவா 17' என்று படித்துச் சொன்னார்கள். எந்த ஆண்டு?

பதில்: ஷோவா என்பது அன்றைய ஜப்பானியப் பேரரசரின் ஆட்சியாண்டுக் கணக்கு. 1925ஐக் கூட்டுங்கள்: 1942. கூட்டல் குறி மாதிரி இருக்கும் எழுத்துதான் பத்து. அதற்குக் கீழே இருப்பது ஏழு.

கேள்வி: மூன்று படங்கள் இணைத்துள்ளேன். செய்தவர் யார்?

பதில்: மூன்று படத்திலும் வாள் உறைக்குள் இருக்கிறது. உறையைப் பார்த்து யார் கொல்லன் என்று யாராலும் சொல்ல முடியாது. பிடியில் இருக்கும் மூங்கில் ஆணியைச் சின்ன முனைப் பக்கமிருந்து தள்ளி எடுங்கள். குன்தோவில் சில சமயம் இரண்டு ஆணி இருக்கும். அப்புறம் பிடியின் அடியை இடது கையில் பிடித்து, வாளைச் சற்றுச் சாய்த்து நிமிர்த்தி, இடது மணிக்கட்டில் வலது கை முஷ்டியால் தட்டுங்கள், பிடி தளரும். சுத்தியல் வேண்டாம்.

கேள்வி: கையெழுத்து துருவில் மறைந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வினிகரில் ஊறவைத்தேன். இப்போது பளபளக்கிறது. மதிப்பு எவ்வளவு?

பதில்: படத்தைத் திறந்ததும் மனசு கனத்துப்போனது. நகாகோவின் துரு அழுக்கு இல்லை, சாட்சி. 80 வருடத் துருவுக்கு ஒரு நிறம், 300 வருடத் துருவுக்கு வேறு நிறம். ஒன்று செம்பழுப்பு, மற்றது கறுத்து, மென்மையாகப் படிந்தது. பழைய குடும்ப வாளை ராணுவப் பிடி போட்டு எடுத்துப்போன அதிகாரிகள் நிறையப் பேர். அப்படிப்பட்ட வாளா என்று முதலில் சொல்வது அந்த நிறம்தான். இப்போது உங்கள் வாளுக்கு வயதே இல்லை.

போனது அது மட்டுமல்ல. உளி இறங்கும்போது கோட்டின் ஓரத்தில் இரும்பு மெலிதாக மேடு தட்டும். எழுத்தைவிட அந்த மேடுதான் வெட்டிய கையைக் காட்டும். உங்கள் படத்தில் மேடு மழுங்கி, எழுத்து வெறும் கீறலாக நிற்கிறது. கீழே அரத்தடம் இருந்திருக்கும், எந்தக் கோணத்தில் அரம் போட்டார்கள் என்று பார்த்தால் பட்டறை மரபு தெரியும். அதுவும் போச்சு. ஓரமாகச் சிவப்புச் சாயத்தில் ஏதோ எண் இருந்தது, துடைத்துவிட்டேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிடியையும் உறையையும் இந்த வாளோடு ஜோடி சேர்க்க எழுதிய எண் அது.

இனி ஒன்றும் செய்யாதீர்கள். திரும்பத் துரு ஏற்ற மருந்து தடவவும் வேண்டாம், அது ஏமாற்று. மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: நகாகோவுக்கு உலர்ந்த மெல்லிய துணி, அவ்வளவுதான். எழுத்து தெரியவில்லை என்றால் விளக்கை நகர்த்துங்கள், துருவை அல்ல.

கேள்வி: 'கோஆ இஷ்ஷின்' என்ற கொல்லரைப் பற்றி எங்கும் தகவல் இல்லையே?

பதில்: அது ஆள் பெயர் இல்லை. 'ஆசியா எழுக, ஒரே மனது' என்ற பொருளில் வரும் போர்க்கால முழக்கம். தென் மஞ்சூரிய ரயில்வே கம்பெனி செய்த வாள்களில் இப்படி வெட்டினார்கள். தொடர்ந்து 'மன்தெட்சு' என்று வரும், அது கம்பெனியின் சுருக்கப் பெயர்.

கேள்வி: கையெழுத்தே இல்லை. உலோகப் பிடி, அலகில் ஐந்து இலக்க எண்.

பதில்: 1935 மாதிரி, அதிகாரி அல்லாத படைவீரர்களுக்கான வாள். இயந்திரத்தில் செய்தது, கொல்லர் பெயர் கிடையாது. உறையிலும் அதே எண் இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: பழைய பெரிய கொல்லர் ஒருவரின் பெயர் தெளிவாக இருக்கிறது. பல லட்சம் போகும் என்கிறார் நண்பர்.

பதில்: பெயர் இருப்பதால் அவர் செய்ததாக ஆகாது. நமக்கு மெய் என்றால் உண்மை. ஜப்பானியரின் 'மெய்' வெறும் கையெழுத்து. பொய்க் கையெழுத்துக்கு 'கிமெய்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், அவ்வளவு அதிகம். போர்க்காலத்தில் செக்கி ஊரில் கொல்லரே வெட்டாமல், எழுத்து வெட்டுவதையே தொழிலாகச் செய்தவர் வெட்டிய வாள்களும் உண்டு. முதலில் அலகைப் பார்க்க வேண்டும், பெயர் அப்புறம்.

கேள்வி: ஜப்பானுக்கே எடுத்துப்போய்க் காட்டலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பழைய முறையில் அடிக்காத வாளுக்கு அங்கே பதிவு கிடைக்காது. பதிவு இல்லாவிட்டால் வாள் உங்கள் கைக்குத் திரும்பி வராது. முதலில் நகாகோவின் இரண்டு பக்கமும் படம் அனுப்புங்கள். துடைக்காமல்.