மகனுக்கு டிக் மெஷின் வாங்கித் தரலாமா? ஓர் அம்மாவின் கேள்விக்குப் பதில்

அம்மா, வணக்கம்.

மகன் ஐடிஐயில் வெல்டர் முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஹெல்ப்பராக இருக்கிறார். ஆர்கான் வெல்டிங் கற்றுக்கொண்டு சொந்தமாக வேலை பிடிக்க ஒரு மெஷின் கேட்கிறார். குறைந்த விலையில் ஒன்று இருக்கிறது, இரும்பு, எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), அலுமினியம் எல்லாம் அதில் ஓடும் என்று கடைக்காரர் சொல்கிறார். நகையை அடகு வைத்து வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு நகையில் கை வைக்க வேண்டாம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள், பாதி விஷயம் அவருக்கானது.

முதலில் அந்த மெஷின். ஆர்கான் வெல்டிங் என்று நம் ஊரில் சொல்வதுதான் டிக். உருகாத டங்ஸ்டன் முனையிலிருந்து ஆர்க் என்ற மின்சுடர் வரும், சுற்றிலும் ஆர்கான் வாயு காற்றைத் தள்ளி வைக்கும், இணைப்பை நிரப்பும் ஃபில்லர் ராடை இன்னொரு கையால் ஊட்ட வேண்டும். மெல்லிய இரும்பு, எஸ்எஸ் தகடுகளுக்கு இதில் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம் போதும். அலுமினியத்துக்கு ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம் வேண்டும். குறைந்த விலையில் கிடைக்கும் டிக் மெஷின்களில் பெரும்பாலானவை டிசி மட்டும் கொடுப்பவை. ஏசி, டிசி இரண்டும் உள்ள மெஷினுக்கு அதைவிட இரண்டு மூன்று மடங்கு விலை ஆகிவிடும். ஆகவே தம்பி கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதில் ஏசி இருக்கிறதா?" என்பதுதான். இல்லை என்றால் அலுமினியப் பேச்சை அதோடு விட்டுவிடலாம்.

ஏசி எதற்கு என்று தம்பிக்குத் தெரிந்திருக்கும், உங்களுக்காகச் சொல்கிறேன். பால் மேல் ஏடு படிவதுபோல அலுமினியத்தின் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு படலம் இருக்கும். உள்ளே இருக்கும் அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மேலே உள்ள படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். டிசியில் வழக்கம்போல ஆர்க் அடித்தால் உள்ளே உருகி, மேலே தோல் அப்படியே நிற்கும். ராடை வைத்தால் ஒட்டாது, உருண்டையாகத் திரளும், கொஞ்சம் அதிகம் சூடாக்கினால் மொத்தமும் பொத்தென்று கீழே விழும். ஏசியில் மின்சாரம் திசை மாறும்போது ஒரு பாதியில் அந்தப் படலம் உடைபடுகிறது, மறு பாதியில் உலோகம் உருகுகிறது. சரியாக அமைந்தால் உருகிய இடம் கண்ணாடிபோலப் பளபளக்கும், அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். அந்தப் பட்டையைப் பார்க்கப் பழகியவர்தான் அலுமினிய வெல்டர். கருப்புப் பொடி படிகிறது என்றால் சுத்தம் போதவில்லை, அல்லது அந்த இரண்டு பாதிகளுக்கும் உள்ள பங்கு, அதாவது பேலன்ஸ், சரியில்லை.

ஏசி இருந்தால் மட்டும் தடித்த அலுமினியம் ஓடிவிடுமா? அதுவும் இல்லை. மெல்லிய தகட்டுக்கு ஒரு மி.மீ. தடிமனுக்கு ஏறக்குறைய 40 ஆம்பியர் என்று பட்டறைகளில் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அந்தக் கணக்கில் 6 மி.மீ. அலுமினியத்துக்கு 240 வரும். அதோடு, அலுமினியம் இரும்பைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்திவிடும். நீங்கள் ஓரிடத்தில் கொடுத்த சூடு தகடு முழுவதும் ஓடிப்போகும். 200 ஆம்பியர் மெஷினில் 4, 5 மி.மீ. வரை நிம்மதியாகப் போகலாம். 6 மி.மீ. என்றால் ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்து, தகட்டை 100 டிகிரி அளவுக்கு முன்சூடு காட்டி, சின்னச் சின்னப் பகுதியாகத்தான் போட வேண்டும். 10 மி.மீ. தட்டை எடுத்துக்கொண்டு வந்து யாராவது கேட்டால் அந்த வேலையை ஒப்புக்கொள்ளாமல் இருப்பதுதான் நல்லது. ஹீலியம் கலந்த வாயு கொடுத்தால் சூடு கூடும், ஆனால் அதன் விலையில் சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படி ஆகாது.

டங்ஸ்டன் முனையைப் பிடித்திருக்கும் கைப்பிடியான டார்ச்சையும் மறந்துவிடக் கூடாது. விலை குறைந்த மெஷினோடு வரும் சின்ன டார்ச் பெரும்பாலும் 150 ஆம்பியருக்கானது, அதுவும் டிசியில். ஏசியில் இன்னும் குறைவு. அதில் தடித்த அலுமினியம் போட்டால் கைப்பிடியே சுடும். அப்புறம் டியூட்டி சைக்கிள். 35 சதவீதம் என்று போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் மூன்றரை நிமிடம்தான் முழுத் திறனில் ஓடும், மீதி நேரம் ஆற விட வேண்டும். அந்த அளவை 40 டிகிரி வெப்பத்தில் எடுத்தார்களா, 25 டிகிரியிலா என்று பார்க்கச் சொல்லுங்கள். சித்திரை வைகாசியில் அம்பத்தூர் ஷெட்டுக்குள் நிற்பவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இவ்வளவு சொன்னது தம்பியின் ஆசையைக் கெடுக்க அல்ல. அந்த டிசி மெஷின் மெல்லிய எஸ்எஸ் வேலைக்கு நல்ல மெஷினாக இருக்கலாம். அங்கேதான் சென்னையில் தினமும் வேலை இருக்கிறது: ஓட்டல் கிச்சன் மேஜைகள், சிங்க், புகைக்கூண்டு, பால் பண்ணைக் குழாய்கள், மருந்துக் கம்பெனித் தொட்டிகள், படிக்கட்டுக் கைப்பிடிகள். 18 கேஜ் எஸ்எஸ் தகடு என்றால் 1.2 மி.மீ.தான். இதில் ஓட்டை விழாமல், தகடு கோணாமல், பின்பக்கம் கருகாமல் ஓர் அடி நீளம் இழுக்கத் தெரிந்த கைக்கு இங்கே மதிப்பு உண்டு.

தம்பிக்கு: 1.6 மி.மீ. டங்ஸ்டன் எடுத்துக்கொள்ளுங்கள், கோடுகள் நீளவாக்கில் இருக்கும்படி கூராகத் தீட்டுங்கள். 40, 45 ஆம்பியரில் தொடங்குங்கள். ஒரு விரல் அகலத்துக்கு ஒரு டேக் (சின்னப் புள்ளி வெல்ட்) வையுங்கள், அதுவும் ஒரே வரிசையில் போகாமல் இந்த முனை, அந்த முனை, நடு என்று மாற்றி மாற்றி. பின்னால் ஒரு தாமிரப் பட்டையை அழுத்திக் கட்டினால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். எஸ்எஸ்ஸில் வெல்ட் வைக்கோல் நிறத்திலோ இளநீலத்திலோ இருந்தால் சரி. சாம்பல் நிறமாகி மங்கிப்போனால் மெதுவாகப் போகிறீர்கள், சூடு அதிகம். தகட்டைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், கருப்பாகப் பொரிந்திருந்தால் அங்கே காற்று பட்டிருக்கிறது. பால், மருந்து வேலைகளில் இதை ஒருக்காலும் ஏற்கமாட்டார்கள், குழாய்க்குள்ளும் ஆர்கான் விட்டுத்தான் போட வேண்டும்.

மெஷின் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போக வேண்டாம். ஒரு மி.மீ. எஸ்எஸ் துண்டு இரண்டு எடுத்துப் போகட்டும். மிகக் குறைந்த ஆம்பியரில் ஆர்க் நடுங்காமல் நிற்கிறதா என்று அங்கேயே போட்டுப் பார்க்கட்டும். பத்து ஆம்பியர் வரை இறங்கும் என்று அட்டையில் இருக்கும், கையில் பிடித்தால் இருபதிலேயே தடுமாறும் மெஷின்களும் உண்டு. உரசாமலே ஆர்க் பிடிக்கும் ஹெச்எஃப், முடிக்கும்போது மின்சாரம் மெல்ல இறங்கும் வசதி, ஆர்க் நின்ற பிறகும் சில நொடி வாயு வருவது, இந்த மூன்றும் இருக்க வேண்டும். மின்சாரம் விட்டு விட்டு ஏறி இறங்கும் பல்ஸ் வசதி இருந்தால் மெல்லிய தகட்டுக்கு நல்லது. பழுதானால் சென்னையிலேயே போர்டு மாற்றித் தருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஏசி மெஷின் என்று சொன்னால் ஒரு 5 மி.மீ. அலுமினியத் துண்டையும் சேர்த்து நீட்டுங்கள். போட்டுக் காட்டத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

மெஷின் விலையோடு செலவு முடியாது என்பதையும் யோசியுங்கள். ஆர்கான் சிலிண்டர் பொதுவாக 7 கன மீட்டர், அதாவது 7,000 லிட்டர். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் போனால் ஆர்க் எரியும் நேரக் கணக்கில் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் காலி. சிலிண்டருக்கு டெபாசிட், ரெகுலேட்டர், ஹெல்மெட், கிரைண்டர் எல்லாம் தனி. வீட்டில் ஏர் கண்டிஷனருக்குப் போட்டிருக்கும் 16 ஆம்பியர் பிளக்கில் 200 ஆம்பியர் மெஷினை முழு வீச்சில் ஓட்ட முடியாது. தனி வயர், தனி பிரேக்கர், நல்ல எர்த் வேண்டும். வீட்டு இணைப்பில் தொழில் செய்தால் மின்வாரியம் அபராதம் போடும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி தம்பியின் வேலைவாய்ப்புக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது மெஷினைவிட "ஹெல்ப்பர்" என்ற வார்த்தைதான். ஐடிஐ முடித்த பையன் எழுத்தில் எதுவும் இல்லாமல் ஹெல்ப்பராக ஆண்டுக்கணக்கில் இருந்துவிடக் கூடாது. 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி அவர் அப்ரண்டிஸாகச் சேரலாம். மாத உதவித்தொகை உண்டு, முடித்துத் தேர்வு எழுதினால் தேசிய அளவில் செல்லும் சான்றிதழும் வரும். மத்திய அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிவு செய்துவிட்டு, அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கம்பெனிகளில் தேடட்டும். பெரம்பூர் ஐசிஎஃப்பின் அப்ரண்டிஸ் அறிவிப்பில் வெல்டர் பிரிவும் வரும். 1955 முதல் ரயில் பெட்டி செய்யும் இடம் அது, இன்று அங்கே உருவாகும் வந்தே பாரத் பெட்டிகளின் உடல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வயது வரம்பு இருக்கிறது, ஆகவே அறிவிப்பைத் தவற விட வேண்டாம்.

சேரும் முன் தம்பி ஒன்றை விசாரிக்கட்டும்: அங்கே ஏசி டிக் இருக்கிறதா? இருந்தால் தடித்த அலுமினியத்தைக் கம்பெனியின் மெஷினில், கம்பெனியின் ஆர்கானில் கற்றுக்கொள்ளலாம். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தொழிற்சாலைகளில் தடித்த அலுமினியத்தை அதிகம் போடுவது ஃபில்லர் கம்பியை மெஷினே ஊட்டும் மிக் முறையில்தான். டிக் அங்கே முக்கியமாகப் பழுது வேலைக்கும் நுணுக்கமான இணைப்புகளுக்கும் வரும்: உடைந்த கியர்பாக்ஸ் மூடி, விரிசல் விட்ட டேங்கர் மூலை, இப்படி. நல்ல வேலைதான், ஆனால் அதை மட்டுமே நம்பி நகையை வைத்து மெஷின் வாங்குவது சரியாக வராது.

அடுத்து தகுதித் தேர்வு. பெரிய கம்பெனிகள் ஐடிஐ சான்றிதழைப் பார்த்துவிட்டு ஒரு துண்டைக் கையில் கொடுத்து வெல்ட் போடச் சொல்லும். அதை வளைத்துப் பார்ப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். குழாய் வேலைக்கு 6ஜி என்று கேட்பார்கள், குழாய் 45 டிகிரி சாய்ந்து அசையாமல் இருக்கும், இவர்தான் சுற்றி வர வேண்டும். இரும்பில் வாங்கிய தகுதி அலுமினியத்துக்குச் செல்லாது. ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர முறையில் இரும்புக்கு 9606-ன் முதல் பகுதி, அலுமினியத்துக்கு இரண்டாம் பகுதி. வாங்கிய தகுதியும் அந்த முறையில் ஆறு மாதம் வெல்ட் போடாமல் இருந்தால் போய்விடும். ஆகவே முதலில் எஸ்எஸ் குழாயில் டிக், அடுத்து அலுமினியம், இந்த வரிசையே என் யோசனை. திருச்சி பெல் (பிஹெச்இஎல்) வளாகத்தில் 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே பயிற்சியும் தகுதித் தேர்வும் உண்டு. நகைக்குப் பதில் கொஞ்சம் சேமிப்பை அங்கே செலவழித்தால் நான் தடுக்கமாட்டேன்.

வெளிநாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். போகலாம், தகுதித் தேர்வு கையில் வந்த பிறகு. கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, நேராக அங்கே பதிவு செய்யுங்கள். தனியார் ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

இரண்டு வருடம் கழித்து, வாடிக்கையாளர்கள் தானாகத் தேடி வரும் நிலையில் தம்பிக்குச் சொந்தப் பட்டறை ஆசை இருந்தால், மாவட்டத் தொழில் மையத்தில் மானியத்தோடு கடன் கேட்கலாம். அப்போது ஏசி டிசி மெஷினே வாங்கலாம்.

கடைசியாகக் கண் பற்றிய உங்கள் பயம். நியாயமான பயம். டிக் ஆர்க்கில் புகை குறைவு என்பதால் பையன்கள் அசட்டையாக இருப்பார்கள், ஆனால் புறஊதாக் கதிர் கடுமையானது. சரியான கருமை எண் உள்ள ஹெல்மெட், கழுத்து வரை மூடிய பருத்திச் சட்டை, தோல் கையுறை மூன்றும் கட்டாயம். பக்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் திரை வேண்டும். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, தொட்டிக்குள் இறங்கி வெல்ட் போட்டால் அடியில் தங்கி மூச்சை நிறுத்திவிடும், அதனால் தொட்டி வேலைக்கு வெளியே ஓர் ஆள் நிற்காமல் இறங்கக் கூடாது. எஸ்எஸ் புகையில் குரோமியம் இருக்கிறது, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். சிவப்பு முனை டங்ஸ்டனில் தோரியம் இருக்கும், அதைத் தீட்டும்போது வரும் தூசி உடம்புக்குக் கெடுதல். லாந்தனம் கலந்த முனை எளிதாகக் கிடைக்கிறது, இரும்புக்கும் அலுமினியத்துக்கும் பொருந்தும், அதையே வாங்கட்டும். பிரேக் துடைக்கும் ஸ்ப்ரேயால் தகட்டைத் துடைத்துவிட்டு வெல்ட் போடவே கூடாது. அவற்றில் சிலவற்றில் குளோரின் உண்டு, ஆர்க் பட்டால் நச்சு வாயுவாக மாறும். அசிட்டோன் போதும், அதுவும் முழுதாகக் காய்ந்த பிறகு, பாட்டிலை மூடித் தள்ளி வைத்துவிட்டு.