தில்லி ஆசிரியர் சம்பளம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தில்லி அரசுப் பள்ளியில் டி.ஜி.டி. (பயிற்சி பெற்ற பட்டதாரி) கணக்கு ஆசிரியையாகச் சேரப் போகிறேன். கைக்கு எவ்வளவு வரும்? (மயூர் விகார்)

ஊதிய நிலை 7, அடிப்படை 44,900. 2025 ஜூலை அகவிலைப்படி 58 சதவீதம், அது 26,000. வீட்டு வாடகைப்படி 13,500, போக்குவரத்துப்படி 5,700. மொத்தம் 90,000. ஓய்வூதியப் பிடித்தம் 7,000, மருத்துவத்துக்கு 650 போக, 82,000 நிற்கும். புதிய வரிமுறையில் இதற்கு வருமான வரி கிடையாது. முதல் மாதத்திலிருந்தே சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

தில்லியில் ஆசிரியர் சம்பளம் எவ்வளவு? (ரோகிணி)

எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, நிரந்தரமா ஒப்பந்தமா? ஒன்றையும் எழுதாமல் கேட்டால் நான் எதைச் சொல்வது? ஐந்தாம் வகுப்பு வரை நிலை 6, ஆறு முதல் பத்து வரை நிலை 7, அதற்கு மேல் நிலை 8. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

தனியார் பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். வங்கியில் 72,000 ஏறுகிறது. மறுநாளே 40,000 எடுத்து அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். எல்லா இடத்திலும் நடப்பதுதானே? (ஜனக்புரி)

அம்மா, "நடப்பதுதானே" என்று நீங்களே சொன்னால் எப்படி? இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் என்னைத் தூங்கவிடாதவை இவைதான். ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் ரூபாயைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். 1973-ஆம் ஆண்டு தில்லிப் பள்ளிக் கல்விச் சட்டத்தின் 10-ஆம் பிரிவைப் படியுங்கள். அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி, அரசுப் பள்ளியில் அதே நிலையில் இருப்பவருக்குக் குறையாமல் சம்பளமும் படிகளும் தர வேண்டும். அந்தச் சட்டத்துக்குக் கணக்குக் காட்டத்தான் 72,000 உங்கள் வங்கிக்கு வந்துபோகிறது. பள்ளி தரும் வருமான வரிச் சான்றான படிவம் 16-இலும் அந்தச் சம்பளம் முழுதும் உங்கள் வருமானமாக நிற்கும்.

செய்ய வேண்டியது: பணம் எடுத்த தேதி, தொகை, வாங்கிக்கொண்டவர் பெயர் ஆகியவற்றை அன்றன்றே குறித்து வையுங்கள். வங்கிக் கணக்கு விவரத்தையும் சம்பளச் சீட்டையும் அதனுடன் சேருங்கள். தனியாகப் போகாதீர்கள், நான்கைந்து பேர் சேர்ந்து கல்வி இயக்குநரகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். நீக்கிவிடுவார்கள் என்ற பயம் புரிகிறது. ஆனால் இயக்குநரின் முன் ஒப்புதல் இல்லாமல் நீக்க அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவு இடம் தரவில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மீறி நீக்கினால் மூன்று மாதத்துக்குள் தில்லிப் பள்ளித் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யுங்கள். தேதி போடாத ராஜிநாமாக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அதைக் கொடுத்துவிட்டு எனக்கு எழுதுபவர்கள் அதிகம்.

தனியார் பள்ளியில் 12 ஆண்டுகள் வேலை பார்த்து விலகினேன். பணிக்கொடை (கிராஜுவிட்டி) ஆசிரியருக்கு இல்லை என்கிறார்கள். (ஆர்.கே.புரம்)

உண்டு. பணிக்கொடைச் சட்டத்தின் 2009 திருத்தம் 1997-லிருந்தே ஆசிரியரையும் சேர்த்துவிட்டது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. கடைசி அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து 60,000 என்கிறீர்கள். அதை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 12-ஆலும் பெருக்குங்கள்: நான்கு லட்சத்துக்கு மேல். சம்பளச் சீட்டு இருக்கிறதல்லவா?

கணவருக்கு இதே ஊரில் அரசுக் குடியிருப்பு. அங்கேதான் இருக்கிறோம். அரசுப் பள்ளி ஆசிரியையான எனக்கு வீட்டு வாடகைப்படி உண்டா? (சரோஜினி நகர்)

கிடையாது. வாங்கியிருந்தால் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

2006-இல் சேர்ந்தேன். ஓய்வுக்கு ஒன்பது ஆண்டுகள் இருக்கின்றன. ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) எழுத வேண்டுமா? (கரோல் பாக்)

எழுத வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்பின்படி, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பணி மிச்சமிருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம். நடுநிலை வகுப்புகள் என்றால் இரண்டாம் தாள், 150 மதிப்பெண்ணுக்கு 90 எடுக்க வேண்டும். சான்றிதழ் ஆயுள் முழுதும் செல்லும். தேர்வு அறிவிப்பு வந்ததும் விண்ணப்பத்தைப் போடுங்கள்.