ஒரே ஊர், ஒரே கொசு, ஒருவருக்கு மட்டும் ஏன் கடும் மலேரியா?

டாக்டர் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு நைஜீரியாவில் வேலை கிடைத்திருக்கிறது. சின்ன வயதில் சென்னையில் மலேரியா வந்து குணமானவன். "அந்த ஊர்க்காரர்களையே அது ஒன்றும் செய்வதில்லை, எனக்கும் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும்" என்று சொல்லித் தடுப்பு மாத்திரை வேண்டாம் என்கிறான். சரியா? - ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: சரியே இல்லை அம்மா. நீங்கள் அவனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

சென்னையில் வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் மலேரியா. நைஜீரியாவில் அவனுக்காகக் காத்திருப்பது ஃபால்சிபாரம். இரண்டும் வேறு வேறு கிருமிகள். சின்ன வயதில் வந்த வைவாக்ஸை நம்பி ஃபால்சிபாரத்தின் முன்னால் போய் நிற்க முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவில் வைவாக்ஸ் மிக அரிது. அங்குள்ள பெரும்பாலானோரின் சிவப்பணுவில் 'டஃபி' என்ற புரதம் இருப்பதில்லை, அதுதான் வைவாக்ஸ் உள்ளே நுழையும் வாசல். 1976-லேயே இது தெரிந்துவிட்டது. ஃபால்சிபாரத்துக்கு அந்த வாசல் தேவையில்லை.

'ஊர்க்காரர்களை ஒன்றும் செய்வதில்லை' என்று யாரும் சொல்லிக் கேட்டால் எனக்கு மனசு வலிக்கிறது. 2023-இல் உலகில் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர். அதில் 95 சதவீதம் ஆப்பிரிக்காவில். அங்கே இறப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். உங்கள் மகன் அலுவலகத்தில் பார்க்கப்போகும் பெரியவர்கள், குழந்தையாக இருந்தபோது திரும்பத் திரும்பக் காய்ச்சலில் விழுந்து பிழைத்து வந்தவர்கள். அவர்களே சில ஆண்டுகள் ஐரோப்பாவில் இருந்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போனால் அந்தப் பாதுகாப்பு குறைந்துபோய், காய்ச்சலில் படுக்கிறார்கள்.

கானாவில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்த ஓர் இளைஞர் நினைவுக்கு வருகிறார். வேறொரு இடத்தில் டைஃபாய்டு என்று சொல்லி ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்களிடம் வந்ததும் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, ஜே.எஸ்.பி. சாயம் போட்டு ஸ்லைடைப் பார்த்தோம். ஒரே சிவப்பணுவுக்குள் இரண்டு, மூன்று மெல்லிய வளையங்கள், எங்கே நகர்த்திப் பார்த்தாலும் வளையங்கள். வைவாக்ஸ் புகுந்த அணு ஊதிப் பெரிதாகும். இங்கே அணுக்கள் அளவு மாறாமல் அப்படியே இருந்தன. ஃபால்சிபாரம் என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிழைத்துக்கொண்டார். அந்த ஸ்லைடு ஒரு நாள் முன்னாலேயே பார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

தடுப்பு மாத்திரையைப் புறப்படும் முன்பே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் டாக்டர் சொல்லும் நாள் வரை விடாமல் சாப்பிடட்டும். ஊருக்கு வந்த பின் எப்போது காய்ச்சல் வந்தாலும் அவன் வாயிலிருந்து முதலில் வர வேண்டிய வார்த்தை "நான் நைஜீரியாவிலிருந்து வந்திருக்கிறேன்" என்பது.

கேள்வி: நோய் எதிர்ப்பு மரபணுக்களில் உள்ள வேறுபாடு மலேரியாவைத் தீர்மானிக்கிறது என்று வகுப்பில் படித்தோம். எச்.எல்.ஏ. மரபணுவை உதாரணம் சொன்னார்கள். இது எந்த அளவுக்கு உறுதி? - முதுகலை மாணவர், திருச்சி

பதில்: நல்ல கேள்வி தம்பி. பாடப் புத்தகம் பாதிக் கதையோடு நிறுத்திவிடும்.

1991-இல் ஏட்ரியன் ஹில் குழுவினர் காம்பியா நாட்டுக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். எச்.எல்.ஏ.-பி53 என்ற வகை உள்ள குழந்தைகளுக்குக் கடும் மலேரியா வருவது சுமார் 40 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். அந்த வகை மேற்கு ஆப்பிரிக்காவில் சாதாரணம், ஐரோப்பியரிடம் அபூர்வம். காரணமும் பொருத்தமாக இருந்தது. கொசு கடித்ததும் கிருமி முதலில் கல்லீரலில்தான் போய்த் தங்கும். அங்கே பாதிக்கப்பட்ட செல், கிருமியின் புரதத் துண்டை எச்.எல்.ஏ. மூலக்கூறில் ஏந்தி வெளியே காட்டும். கொல்லும் டி-செல் என்ற வெள்ளணு அதை அடையாளம் கண்டு அந்தச் செல்லை அழிக்கும். பி53 அந்தத் துண்டுகளில் ஒன்றை நன்றாகப் பிடித்துக் காட்டுகிறது என்று அடுத்த ஆண்டே அதே குழு எழுதியது.

1994-இல் இதற்கு நேர் எதிரான ஒன்றும் காம்பியாவிலிருந்தே வந்தது. டி.என்.எஃப். என்பது கிருமியை எதிர்க்க உடம்பு சுரக்கும் பொருள். அதன் மரபணுவை இயக்கும் பகுதியில் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தை அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைகளுக்கு, மூளை மலேரியாவில் இறப்போ கடுமையான நரம்புப் பாதிப்போ வரும் ஆபத்து ஏழு மடங்கு இருந்ததாம். எதிர்ப்பு கூடினால் நல்லது என்று நாம் நினைக்கிறோம். மலேரியாவில் அளவு மீறிய எதிர்ப்பும் ஆளைக் கொல்லும்.

மீதிக் கதை 2019-இல் வந்தது. 11 நாடுகளிலிருந்து சுமார் 17,000 பேரின் மரபணுத் தொகுதி முழுவதையும் அலசினார்கள். உறுதியாகத் தேறியவை ஐந்தே இடங்கள். அரிவாள் செல் மரபணு, ஓ ரத்தவகையைத் தீர்மானிக்கும் மரபணு போன்று, பெரும்பாலும் சிவப்பணுவைச் சேர்ந்தவை. முன்பு சொல்லப்பட்ட எச்.எல்.ஏ. தொடர்புகள் இந்த மாதிரிகளில் தென்படவில்லை. கடும் மலேரியா யாருக்கு வரும் என்பதில் மரபணுவின் பங்கு சுமார் 23 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அந்த ஐந்தும் சேர்ந்து விளக்குவது அதிலும் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே தேர்வில் பி53-ஐ எழுதும்போது 2019-ஐயும் சேர்த்து எழுது. மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை.

அதற்காக எதிர்ப்பு மரபணுக்களைக் கைகழுவிவிட முடியாது. அதற்கு ஃபுலானி மக்கள் சாட்சி. புர்கினா ஃபாசோவில் மோஸி, ரிமைபே, ஃபுலானி மூன்று இனத்தாரும் ஒரே பகுதியில், ஒரே கொசுக்கடியில் வாழ்கிறார்கள். 1996-இல் வெளியான ஆய்வில் ஃபுலானிகளின் ரத்தத்தில் கிருமி குறைவு, காய்ச்சல் குறைவு, எதிர்ப்புப் புரதம் மட்டும் கூடுதல். மாலி நாட்டிலும் இதே போக்கைப் பார்த்தார்கள். சிவப்பணுவைக் காக்கும் வழக்கமான மரபணுக்களாவது அவர்களிடம் அதிகம் இருக்குமா என்று தேடினால், அண்டை இனத்தாரைவிடக் குறைவாகத்தான் இருந்தன! அப்படியானால் விடை அவர்களின் எதிர்ப்பு மண்டலத்தில்தான் இருக்க வேண்டும். எந்த மரபணு என்று ஒன்றைச் சுட்டி முடிவு கட்ட இன்னும் முடியவில்லை. ஆராய்ச்சிக்குப் போகும் எண்ணம் இருந்தால் அங்கே போ என்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பி53-ஐக் கண்ட அதே ஏட்ரியன் ஹில்தான் பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆர்21 மலேரியா தடுப்பூசி உருவாக்கத்தை முன்னின்று நடத்தினார். 2023-இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. தயாரிப்பது புனேயின் சீரம் நிறுவனம். ஐந்து மாதம் ஆன குழந்தையிலிருந்து போடுகிறார்கள், யாருடைய மரபணுவையும் பார்க்காமல்.

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லோரையும் கொசு கடிக்கிறது. இளைய மகனுக்கு மட்டும் சில மாதத்துக்கு ஒருமுறை வைவாக்ஸ் மலேரியா திரும்புகிறது. மரபணுக் கோளாறா? - ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: பெரும்பாலும் இல்லை. வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழும். குளோரோகுயின் ரத்தத்தில் உள்ளதை மட்டும்தான் கொல்லும். கல்லீரலில் உள்ளதற்குப் பிரைமாகுயினை 14 நாள் சாப்பிட வேண்டும். நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் பையன்கள் நிறுத்திவிடுவார்கள், நீங்கள் பக்கத்தில் நின்று கொடுங்கள்.

தொடங்கும் முன் ஜி6பிடி பரிசோதனை அவசியம். ஜி6பிடி என்பது சிவப்பணுவைச் சேதமாகாமல் காக்கும் ஒரு நொதி. இங்கேதான் மரபணு வருகிறது. ஜி6பிடி குறைபாடும் மலேரியாவோடு போராடிய மனித குலத்தில் பெருகிய மாற்றம்தான். அது உள்ளவருக்கு இந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும். குறைபாடு இருந்தால் மாத்திரை முறையை டாக்டர் மாற்றித் தருவார். மாத்திரை சாப்பிடும் நாட்களில் சிறுநீர் கறுத்துப் போனாலோ கண் மஞ்சளானாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியையும் இன்றைக்கே பாருங்கள், சென்னையில் மலேரியாவைப் பரப்பும் கொசு அங்கேதான் முட்டையிடுகிறது.