ஆயிரம் வெள்ளியை அனுப்பும் முன் 54 ஆண்டுக் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: ஈசூனில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறோம். எனக்கு வயது 32, சிங்கப்பூர்க் குடிமகள். கணவருக்கு 34, நிரந்தரவாசி. இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 8,200 வெள்ளி. மத்திய சேமநிதி (மசேநிதி) சாதாரணக் கணக்குகளில் 110,000 வெள்ளியும் வங்கியில் 35,000 வெள்ளியும் இருக்கின்றன. அங் மோ கியோவில் ஒரு நான்கறை மறுவிற்பனை வீடு பிடித்துப்போனது. பீஷானில் இருக்கும் என் அம்மாவின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்கும் பக்கம். விலை 620,000 வெள்ளி, குத்தகையில் 54 ஆண்டு மீதி. விற்பவர் சீனர். "இன்னும் இரண்டு குடும்பம் கேட்கிறது. இன்றைக்கே ஆயிரம் வெள்ளியை என் பேநவ்வுக்கு அனுப்பினால் வீட்டைப் பிடித்துவைக்கிறேன்" என்கிறார் விற்பவரின் முகவர். அனுப்பலாமா? கையிருப்பு போதுமா? கணவருக்குக் கும்பகோணத்தில் பூர்வீக வீட்டில் பங்கு உண்டு. அதனால் சிக்கல் வருமா? – வாசகி, ஈசூன்

பதில்: அனுப்பாதீர்கள். வீடு வாங்கும் விற்கும் பணத்தைச் சொத்து முகவர் கையில் வாங்குவதற்கே சிங்கப்பூரில் தடை இருக்கிறது. ஆப்ஷன் தொகை, அதாவது குறித்த காலத்துக்குள் வீட்டை வாங்கும் உரிமைக்குக் கொடுக்கும் பணம், வாங்குபவரிடமிருந்து நேராக விற்பவருக்குத்தான் போகவேண்டும். அதுவும் வீவக வகுத்த ஆப்ஷன் படிவத்தில் விற்பவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்போதுதான். "பிடித்துவைக்க" என்று அதற்கு முன்னால் பணம் கேட்பதை ஏற்காதீர்கள். அந்த முகவரின் பெயர் சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அவர் விற்பவரின் ஆள் என்பதையும் மறக்கவேண்டாம். ஒரே முகவர் இரு தரப்புக்கும் வேலை செய்யக்கூடாது.

இன்று நீங்களே ஆசைப்பட்டாலும் ஆப்ஷன் வாங்க முடியாது. எச்எஃப்இ கடிதம் என்று எல்லாரும் சொல்லும் வீட்டுத் தகுதிக் கடிதம் முதலில் வேண்டும். 2023 மே மாதத்திலிருந்து இதுதான் நடைமுறை. சிங்பாஸ் என்னும் அரசாங்க மின்னடையாளம் மூலம் வீவக இணையவாசலில் விண்ணப்பிக்கலாம். ஆவணங்கள் முழுமையாகப் போய்ச் சேர்ந்தபின் 21 வேலைநாள் பிடிக்கும், கூட்டமான மாதங்களில் இன்னும் இழுக்கும். கடிதம் ஒன்பது மாதம் செல்லுபடியாகும். எவ்வளவு கடன், எந்த மானியம் என்பதெல்லாம் அதில் எழுதி வரும். இன்றிரவே விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள். இருவரில் யாராவது வேலை மாறும் யோசனையில் இருந்தால், இடையில் வேலையில்லாத நாட்கள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் மசேநிதி வீட்டு மானியத்துக்கு 12 மாதத் தொடர் வேலை கணக்கில் எடுக்கப்படுகிறது.

இனி அந்த 54 ஆண்டு. விலையைவிட எனக்குக் கவலை தருவது இதுதான். வாங்குவோரில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை நீடிக்கவேண்டும் என்பது விதி. உங்கள் வயது 32. அதோடு 54 சேர்த்தால் 86. ஒன்பது ஆண்டு குறைகிறது. குறைந்தால் வீடு வாங்கக்கூடாது என்று இல்லை. ஆனால் வீவக கடனின் உச்சவரம்பும், வீட்டுக்கு நீங்கள் எடுக்கக்கூடிய மசேநிதித் தொகையும் விகிதப்படி வெட்டப்படும். கூடுதல் மானியமும் குறையும்.

இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. மசேநிதி வரம்பு முதல்நாள் கட்டும் தொகைக்கு மட்டும் அல்ல. அதன்பின் மாதாமாதம் தவணைக்கு எடுப்பதும் அதே வரம்புக்குள்தான் வருகிறது. சில ஆண்டுகள் கழித்து வரம்பு தொட்டுவிட்டால், கணக்கில் பணம் கிடந்தாலும் எடுக்க முடியாது. தவணையைச் சம்பளத்திலிருந்து ரொக்கமாகக் கட்டவேண்டி வரும். மசேநிதிக் கழகத்தின் இணையக் கணிப்பானில் உங்கள் இருவர் வயதையும் மீதக் குத்தகையையும் போட்டுப் பாருங்கள், வெட்டு எவ்வளவு என்று உடனே தெரிந்துவிடும். மீதக் குத்தகை 63 ஆண்டு உள்ள வீடாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

63 ஆண்டுக் குத்தகை மீதமுள்ள வீட்டுக்குக் கணக்கு எப்படி வரும் என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். 620,000 வெள்ளி விலை பேசிய வீட்டை வீவக 600,000 என்று மதிப்பிடுகிறது என்று வையுங்கள். கடன் மதிப்பில் அதிகபட்சம் 75 விழுக்காடு. 2024 ஆகஸ்டில் இதை 80இலிருந்து குறைத்தார்கள். ஆக 450,000 வெள்ளி. 2.6 விழுக்காடு வட்டியில் 25 ஆண்டுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 2,040 வெள்ளி. உங்கள் சம்பளத்தில் 30 விழுக்காடு 2,460 என்பதால் அந்த வரம்புக்குள் அடங்குகிறது. மீதி 150,000 வெள்ளிக்கும் 13,200 வெள்ளி முத்திரைத் தீர்வைக்கும் மசேநிதி கைகொடுக்கும். குடிமகள், நிரந்தரவாசித் தம்பதிக்கு நான்கறை வீட்டுக்கான குடும்ப மானியம் 70,000 வெள்ளி. அம்மா வீடு நான்கு கிலோமீட்டருக்குள் இருப்பதால் அருகில் வசிப்பதற்கான மானியம் 20,000. கூடுதல் மானியம் உங்கள் வருமானத்துக்குச் சிறிய தொகைதான். மானியம் எல்லாம் மசேநிதிக் கணக்குக்குள்தான் விழும், கையில் வராது.

விலைக்கும் மதிப்புக்கும் நடுவிலுள்ள 20,000 வெள்ளியைத்தான் சிஓவி என்கிறோம். அதற்குக் கடனும் கிடையாது, மசேநிதியும் கிடையாது, முழுக்க ரொக்கம். உங்களுக்கென்று ஒரு முகவர் வைத்தால் வழக்கமான ஒரு விழுக்காட்டுக் கட்டணம் பொருள் சேவை வரியோடு 6,758 வெள்ளி. இது பேசிக் குறைக்கக்கூடியது. மதிப்பீட்டு விண்ணப்பத்துக்கு 120, மறுவிற்பனை விண்ணப்பத்துக்கு 80. உங்கள் 35,000இல் எட்டாயிரம் அளவுதான் மிஞ்சும். அதில் சாயம் பூசலாம், சமையலறை அலமாரி போட முடியாது. நீங்கள் பார்த்த வீட்டுக்கோ இதற்கு மேலும் பணம் புரட்டவேண்டும், ஏனென்றால் கடன் வரம்பு வெட்டப்படுகிறது.

மதிப்பீடு ஆப்ஷன் கொடுத்த பிறகுதான் வரும். 2014 மார்ச்சிலிருந்து அப்படி. அதனால் விலை பேசும் முன்பே சிஓவியை நீங்களே ஊகிக்கவேண்டும். வீவக இணையத்தளத்தில் அதே புளோக்கிலும் பக்கத்துப் புளோக்குகளிலும் அண்மையில் கைமாறிய நான்கறை வீடுகளின் விலை கிடைக்கும். பரப்பளவு, மாடி, மீதக் குத்தகை மூன்றும் ஒத்துப்போகிற வீடுகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஐந்தாம் மாடி வீட்டை இருபதாம் மாடி வீட்டோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

ஆப்ஷன் தொகை ஒரு வெள்ளியிலிருந்து ஆயிரம் வரை. ஆப்ஷன் கிடைத்த மறு வேலைநாளுக்குள் மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஆப்ஷனைப் பயன்படுத்துவதா என்று முடிவெடுக்க 21 நாள் அவகாசம், சனி ஞாயிறும் பொதுவிடுமுறையும் அதில் அடக்கம், கடைசி நாள் மாலை 4 மணியோடு முடிந்துவிடும். மதிப்பீடு மிகக் குறைவாக வந்தால் அந்த அவகாசத்துக்குள் விலகலாம், போவது ஆப்ஷன் தொகை மட்டும். ஆப்ஷனைப் பயன்படுத்தி வாங்க முடிவெடுத்தால் ஆப்ஷன் தொகையோடு சேர்த்து மொத்த வைப்பு 5,000 வெள்ளியைத் தாண்டக்கூடாது. இதுவும் ரொக்கம்தான், ஆனால் விலையில் கழிந்துவிடும். அதன்பிறகு பின்வாங்கினால் வைப்பும் போகும், விற்பவர் வழக்கும் தொடரலாம்.

நீங்கள் கேட்காத, ஆனால் நம்மவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டிய ஒன்று: இன விகிதாசாரம். இந்தியர் மற்றும் இதர இனத்தாருக்குப் புளோக்கில் 15 விழுக்காடு, வட்டாரத்தில் 12 விழுக்காடு என்பது உச்சவரம்பு. நிரம்பிவிட்டால் சீனரிடமிருந்து நீங்கள் வாங்க முடியாது, விற்பவரும் அதே இனப்பிரிவைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும். வீவக இணையவாசலில் புளோக் எண்ணைப் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரியும். பட்டியல் மாதம்தோறும் முதல் தேதி புதுப்பிக்கப்படுகிறது. ஆப்ஷன் வாங்கும்போது இடம் இருந்து, விண்ணப்பம் போடுவதற்குள் மாதம் பிறந்து இடம் நிரம்பினால் கதை மாறிவிடும். அதனால் ஆப்ஷனைப் பயன்படுத்தியவுடன் இரு தரப்பும் தாமதிக்காமல் மறுவிற்பனை விண்ணப்பத்தைப் போடுங்கள்.

கும்பகோணம் வீடு உண்மையாகவே முக்கியமான விஷயம். வெளிநாட்டில் சொந்தமாக உள்ள குடியிருப்பும் வீவக கணக்கில் வரும், பரம்பரையாக வந்த பங்கும் சேர்த்தி. மாமனார் உயிரோடு இருந்து, அவர் தாமே சம்பாதித்து வாங்கிய வீடாக இருந்தால் உங்கள் கணவருக்கு இன்னும் சொத்து வரவில்லை. அவர் காலமாகிப் பங்கு இறங்கியிருந்தால், பாகப்பிரிவினை செய்யாவிட்டாலும் அது சொத்துதான். அப்படியானால் வீவக கடனும் குடும்ப மானியமும் கிடைக்காது. பங்கை அண்ணன் தம்பிக்கு எழுதிக்கொடுத்தாலும் அன்றிலிருந்து 30 மாதம் காத்திருக்கவேண்டும். ஊரில் இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று சிலர் மறைக்கிறார்கள். பொய்த் தகவல் கொடுத்து வாங்கிய வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள வீவகவுக்கு அதிகாரம் இருக்கிறது. பத்திரத்தின் நகலை ஊரிலிருந்து வரவழைத்து, எச்எஃப்இ விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

இத்தனைக்கும் பிறகு அந்த வீடேதான் வேண்டும் என்றால், பகலில் ஒருமுறை போய்க் குளியலறைக் கூரையை நிமிர்ந்து பாருங்கள். பழுப்புக் கறை, உப்பிய சாயம், காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி இவற்றில் எது தெரிந்தாலும் மேல்வீட்டுத் தரையிலிருந்து நீர் கசியலாம். கசிவைப் பழுதுபார்க்கும் பொறுப்பு மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் சேர்ந்தே வரும், அதாவது நாளைக்கு உங்களுக்கு. இல்ல மேம்பாட்டுத் திட்டம் அந்தப் புளோக்கில் முடிந்துவிட்டதா, சுவர் இடித்திருந்தால் அனுமதி வாங்கினார்களா என்றும் விற்பவரிடம் கேளுங்கள்.

என் யோசனை, 63 ஆண்டுக்குமேல் குத்தகை மீதமுள்ள வீட்டையே தேடுங்கள். அம்மாவின் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் வட்டத்துக்குள் அங் மோ கியோ மட்டும் இல்லை. அதுவரை ஈசூன் அறையின் வாடகை ஒப்பந்தத்தை முறிக்கவேண்டாம். கடிதத்துக்கு ஒரு மாதம், ஆப்ஷனுக்கு மூன்று வாரம், வீவக விண்ணப்பத்தை ஏற்றபின் சுமார் எட்டு வாரம். விற்பவர் கூடுதலாகத் தங்க அவகாசம் கேட்டு நீங்கள் சம்மதித்தால் இன்னும் மூன்று மாதம் வரை போகும்.