பழம் சாப்பிட, இலை தண்ணீருக்கு

கேள்வி: குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் லீவுக்கு வந்தபோது கண்ணாடி ஜாடியில் எலுமிச்சை, வெள்ளரி, புதினா எல்லாம் நறுக்கிப் போட்டு 'இன்ஃப்யூஸ்டு வாட்டர்' என்று கொடுத்தாள். நன்றாகவே இருந்தது. அவள் போன பிறகு நானே செய்தேன். காலையில் போட்டு மேசைமேல் வைத்தது மத்தியானத்துக்குள் கசந்துவிட்டது. சாயங்காலம் வழுவழுப்பாகி வாடை வந்தது, கொல்லையில் கொட்டினேன். பழத்தைத் தண்ணீரில் போட்டு வீணாக்குகிறேன் என்று மாமியாருக்கு வருத்தம். என் கணவருக்குச் சர்க்கரை இருக்கிறது, தினமும் வயலுக்குப் போகிறவர். அவர் இதைக் குடிக்கலாமா? நாத்தனார் பிள்ளைகள் வந்தால் கலர் பாட்டில்தான் கேட்கிறார்கள். இந்தத் தண்ணீர் உடம்பில் உள்ள கழிவை வெளியேற்றும், எடை குறைக்கும் என்கிறார்களே, உண்மையா? சித்திரையில் எங்கள் தெருவில் தண்ணீர்ப் பந்தல் வைப்போம். அங்கே இதைக் கொடுக்கலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மயிலாடுதுறை மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தண்ணீர் பழத்திலிருந்து எடுத்துக்கொள்வது வாசனையையும் கொஞ்சம் புளிப்பையும் நிறத்தையும்தான். வைட்டமின் சி ஓரளவு இறங்கும். நார்ச்சத்து முழுக்கப் பழத்திலேயே தங்கிவிடும், இனிப்பும் பெரும்பாலும் அப்படியே. அரைக் கிலோ பழத்தை ஊறப்போட்டு, சக்கையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தண்ணீரை மட்டும் குடிப்பது எனக்கும் ஒப்பவில்லை. பழத்தைப் பிள்ளைகளுக்கு நறுக்கிக் கொடுங்கள். தண்ணீருக்கு வாசனை தர இலை, வேர், தோல் போதும். இவை உங்கள் கொல்லையிலும் வேலியிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும்.

முதலில் உங்கள் ஜாடி ஏன் கெட்டது என்று பார்ப்போம். எலுமிச்சை, சாத்துக்குடி வகைகளில் மஞ்சள் தோலுக்குக் கீழே வெள்ளையாக ஒரு சதை இருக்கும். விதையிலும் அந்த வெள்ளைச் சதையிலும்தான் கசப்பு. நறுக்கிய வட்டங்கள் மணிக்கணக்கில் ஊறினால் கசப்பு மெதுவாகத் தண்ணீருக்கு வந்துவிடும். சாத்துக்குடியில் இது இன்னும் சீக்கிரம். எலுமிச்சை வேண்டுமென்றால் மேல்தோலை மட்டும் மெல்லிசாகச் சீவிப் போடுங்கள், வாசனை எண்ணெய் அதில்தான் இருக்கிறது. சாற்றைக் குடிக்கும்போது பிழிந்துகொள்ளலாம்.

வழுவழுப்பும் வாடையும் கிருமியின் வேலை. நறுக்கின பழமும் காயும் சாதாரண அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பில் பொதுவான விதி. வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது 1 மணி நேரமாகக் குறையும். நம் பக்கம் பங்குனி தொடங்கி ஆனி வரைக்கும் வீட்டுக்குள்ளேயே 32 டிகிரி சாதாரணம். அதனால் நறுக்கிய எதைப் போட்டாலும் ஜாடி ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். ஒரு லிட்டருக்கு வெள்ளரி ஏழெட்டு வில்லை, புதினா பத்து இலை, எலுமிச்சைத் தோல் நாலைந்து சீவல் போதும். இரண்டிலிருந்து நாலு மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊறட்டும். பிறகு வடிகட்டிவிடுங்கள். இந்த வடிகட்டும் வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஜாடியில் மிதந்தால் பார்க்க அழகாக இருக்கிறது என்று ராத்திரி வரை அப்படியே விடுவார்கள். வடித்த தண்ணீரை அன்றைக்கே குடித்துவிடுங்கள். வெள்ளரி வில்லையைத் தூக்கி எறிய வேண்டாம், உப்பும் மிளகுத்தூளும் தூவி உடனே தின்னலாம்.

பழத்தில் போட்டுப் பார்க்கத் தகுந்தவை சிலதான். மாங்காயைத் தோலோடு மெல்லிசாகச் சீவிப் புதினாவோடு போட்டால் அருமையாக இருக்கும். பெரிய நெல்லிக்காய் இரண்டைச் சீவி, தட்டின இஞ்சி ஒரு துண்டோடு போடலாம். அன்னாசி சரி. மாதுளை முத்தை நசுக்காமல் போட்டால் ஒன்றும் இறங்காது. தர்ப்பூசணி கொழகொழத்துப் போகும். வாழை, சப்போட்டா, பப்பாளி பக்கம் போகவே வேண்டாம்.

சரி, இலைக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்தது நார்த்தை இலை. நார்த்தை இலையை இடித்து வேப்பிலைக்கட்டி செய்கிற வீடுகளில் அந்த வாசனையைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இளசும் இல்லாமல் முற்றலும் இல்லாமல் மூன்று இலை எடுத்து நன்றாகக் கழுவி, நடு நரம்பைக் கிழித்து எடுத்துவிட்டு, கையால் இரண்டு மூன்றாகக் கிள்ளி ஒரு லிட்டர் தண்ணீரில் போடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஊறிவிடும். பழத்தை விட மணம் நன்றாக இருக்கும், வெள்ளைச் சதையின் கசப்பும் இருக்காது. நார்த்தை மரம் இல்லையென்றால் எலுமிச்சை இலை. இலையானாலும் அன்றைக்குப் போட்டதை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது வெற்றிலை. காவிரி வண்டலில் விளைகிற கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. இளம் வெற்றிலை ஒன்று, காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு நாலாகக் கிழித்து, தட்டின ஏலக்காய் ஒன்றோடு ஒரு லிட்டர் தண்ணீருக்குப் போடுங்கள். ஒரு மணி நேரம் போதும். இரண்டு மூன்று வெற்றிலை போட்டால் காரம் தொண்டையில் நிற்கும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தம்ளர் குடிக்க இது அவ்வளவு இதமாக இருக்கும்.

துளசியும் ஓமவல்லியும் எல்லார் வீட்டிலும் உண்டு. ஓமவல்லி இரண்டு இலைக்கு மேல் வேண்டாம், மற்ற வாசனையை அமுக்கிவிடும். புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போடுங்கள். கசக்கினாலோ அரைத்தாலோ பச்சை வாடை வரும். பெருமாள் கோயில் தீர்த்தத்தின் மணத்தை வீட்டிலும் கொண்டுவர நினைத்துச் சிலர் பச்சைக் கற்பூரம் போடுகிறார்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். கற்பூரம் அளவு தப்பினால் குழந்தைகளுக்கு வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். துளசியும் ஏலக்காயும் போதுமே.

வேரில் வெட்டிவேரும் நன்னாரியும். வெட்டிவேரை நாட்டு மருந்துக் கடையில் வாங்குங்கள். தட்டி, விசிறி, மாலைக்கு விற்பதில் சாயமோ வாசனைத் தைலமோ கலந்திருக்கலாம். ஒரு கைப்பிடி வேரை மண் போக அலசி, பத்து நிமிடம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெள்ளைத் துணியில் முடிந்து 5 லிட்டர் பானையில் ராத்திரியே போட்டுவிடுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். முடிச்சை இரண்டு மூன்று நாள் பயன்படுத்தி, வேரை வெயிலில் நன்றாகக் காயவைத்துத் திரும்பவும் போடலாம். மணம் போனதும் மாற்றிவிடுங்கள். நன்னாரியானால் வேரைத் தட்டி, நடுவில் உள்ள கட்டையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் கொதிக்கும் நீரில் போட்டு மூடி, ஆறவிட்டு வடிகட்டுங்கள். சர்க்கரைப் பாகில்லாத நன்னாரித் தண்ணீரின் மணம், சர்பத்தில் இருப்பதை விடத் தெளிவாக இருக்கும்.

பாத்திரத்தில் ஒரு கவனம் தேவை. கும்பகோணம் கடைத்தெருவில் வாங்கிய செம்பு, பித்தளைப் பாத்திரம் உங்கள் வீட்டில் இருக்கும். எலுமிச்சை, நெல்லி, மாங்காய் மாதிரிப் புளிப்பு எதையும் அவற்றில் ஊறவைக்காதீர்கள். புளிப்பு செம்பை அரித்துத் தண்ணீரில் கலக்கும், குமட்டலும் வாந்தியும் வரும். கண்ணாடி அல்லது எவர்சில்வர்தான் சரி. மண்பானையிலும் புளிப்பும் பழமும் வேண்டாம். பானைச் சுவரில் நுண்ணிய துளைகள் இருப்பதால் பழச்சாறு உள்ளே இறங்கிப் பூசணம் பிடிக்கும். அதில் வெட்டிவேர் மட்டும்.

தண்ணீரே சரியில்லையென்றால் என்ன போட்டும் பயனில்லை. கடலோரப் பக்கம் நிலத்தடி நீர் உப்பு, அதில் நார்த்தை இலை மணம் எடுபடாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் கொதிக்கவைத்து ஆற்றுங்கள். வாடையும் போகும், கிருமியும் சாகும். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்து கிணறும் குழாயும் கலங்கலாக வரும் நாட்களில் தெளியவைத்து வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவைத்த பிறகுதான் எதையும் போட வேண்டும்.

உங்கள் கணவர் தாராளமாகக் குடிக்கலாம். வாசனைத் தண்ணீரில் சர்க்கரை அநேகமாக இல்லை. நாட்டுச் சர்க்கரை, தேன், கருப்பட்டி 'கொஞ்சம்தானே' என்று சேர்க்காதவரை சரி, அவையும் சர்க்கரைதான். ஆனால் வயலில் வியர்க்க வியர்க்க வேலை செய்கிறவருக்கு இது மட்டும் போதாது. வியர்வையோடு உப்பும் போகிறது. இலைத் தண்ணீரில் உப்பு இல்லை. காலையில் உப்புப் போட்ட நீராகாரம், பதினோரு மணிக்கு நீர்மோர், நடுநடுவே இந்தத் தண்ணீர் என்று கொடுத்தனுப்புங்கள். நீராகாரத்தில் சோற்றுப் பருக்கை அதிகம் வேண்டாம், சர்க்கரை ஏறும். ரத்தக்கொதிப்பு மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால் உப்பு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள், தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள், இந்தத் தண்ணீரையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கொலஸ்ட்ரால் மாத்திரை, சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் சாப்பிடுவோர் பம்பளிமாஸைத் தவிர்ப்பது நல்லது. மாத்திரையின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும் தன்மை அந்த வகைப் பழத்துக்கு உண்டு.

கழிவை வெளியேற்றும் என்பது உண்மையில்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ராப்பகலாகச் செய்துகொண்டிருக்கின்றன. வெள்ளரியும் எலுமிச்சையும் ஊறிய தண்ணீர் கொழுப்பைக் கரைக்காது. கலருக்குப் பதிலாக இதைக் குடித்தால் அந்தச் சர்க்கரை உள்ளே போகாது, எடைக்கு அந்த அளவில் நன்மை. சாதாரணக் கோலா பானத்தில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. 250 மில்லி பாட்டில் ஒன்றில் 25 கிராம். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரையை 25 கிராம் அளவுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது பெரியவர்களின் கணக்கு. பிள்ளைகளுக்கு அந்த ஒரு பாட்டிலே அதிகம் என்று உங்கள் நாத்தனாரிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு நிறம் வேண்டும். வேலியில் படர்ந்திருக்கும் நீலச் சங்குப்பூ ஐந்தாறு பறித்து, பச்சைக் காம்பை நீக்கிக் கழுவி, ஒரு தம்ளர் சுடுநீரில் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் ஆழ்ந்த நீலமாகிவிடும். வடித்து ஆறவைத்துக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, எலுமிச்சையை அவர்கள் கையில் கொடுத்துச் சொட்டச் சொல்லுங்கள். புளிப்புப் பட்டதும் நீலம் ஊதாவாக மாறும், இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பாகும். இதைப் பார்த்த பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். முதலில் அரைத் தேக்கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தாலும் பரவாயில்லை, மெதுவாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எலுமிச்சைத் தண்ணீரை மட்டும் நாள் முழுக்கச் சப்பிச் சப்பிக் குடிக்க விடாதீர்கள், புளிப்பு பல்லின் மேல்பூச்சைக் கரைக்கும். குடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். அப்புறம் அரைமணி நேரம் பல் தேய்க்க வேண்டாம்.

தண்ணீர்ப் பந்தலுக்கு நறுக்கிய பழம் கூடவே கூடாது. வெயிலில், ஆயிரம் பேர் கடந்து போகிற இடத்தில், யாருக்காவது வயிற்றுக்குச் சேராமல் போனால் நீங்கள் செய்த புண்ணியம் சங்கடமாகிவிடும். வெட்டிவேர்த் தண்ணீர் ஒரு மண்பானையிலும், நீர்மோர் ஒரு எவர்சில்வர் பாத்திரத்திலும் வையுங்கள். ஆளுக்கு 200 மில்லி என்றால் நூறு பேருக்கு 20 லிட்டர் ஆகும். மோருக்கு ஒரு லிட்டர் தயிருக்கு நாலு லிட்டர் தண்ணீர் என்று கரைத்து, இஞ்சி, கறிவேப்பிலை, கசக்கின நார்த்தை இலை, உப்பு சேருங்கள். மோரை ஒரே தடவையில் கரைத்து வைக்காமல், உறைந்த தயிரை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு தீரத் தீரக் கரைப்பது நல்லது. தண்ணீர் கொதிக்கவைத்து ஆற்றினதாக இருக்கட்டும். குழாய் வைத்த பானையாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் நீளக் காம்புள்ள கரண்டியால் ஒருவரே மொண்டு ஊற்ற வேண்டும். மீன் பெட்டிக்குப் போகிற ஐஸ் கட்டியை உடைத்துப் போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு, அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அந்த ஐஸ் குடிக்கிற தண்ணீரில் செய்ததாக இருக்காது. நிழலில் ஈர மணல் பரப்பிப் பானையை உட்காரவைத்து, ஈரத்துணி சுற்றி, காற்றோட்டம் படும்படி விட்டால் தண்ணீர் குளிரும். நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் காற்றில் ஈரம் அதிகம், அங்கே பானை அவ்வளவு குளிராது. உங்கள் ஊர்ப்பக்கம் காற்று காய்ந்திருக்கும் மத்தியான வேளையில் நன்றாகவே குளிரும். ஒவ்வொரு நாள் மாலையும் மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு, பானையைச் சோப்புப் போடாமல் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, சுடுநீர் ஊற்றி அலசிக் கவிழ்த்து வையுங்கள். அது காய்வதற்காக, மறுநாள் வெயில் ஏறும்வரை மாற்றுப் பானை ஒன்றில் புழங்கலாம்.