ரிகி மலையும் மேட்டுப்பாளையம் ரயிலும்

வணக்கம். என் மகள் சூரிச்சில் வேலை பார்க்கிறாள். வரும் அக்டோபரில் முதல் தடவையாக அவளிடம் போகிறேன். அவளுக்கு லீவு கிடைப்பது ஒரே ஒரு நாள். யுங்ஃபிராவா, டிட்லிஸா என்று கேட்கிறாள். நீங்கள் ஒரு கட்டுரையில் ரிகி என்ற மலையைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு வயது 63, முழங்கால் வலி உண்டு. மலை ரயில் சத்தம் கேட்டே வளர்ந்தவள் நான். ஊட்டியைப் பார்த்த கண்ணுக்கு அங்கே புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது, இவ்வளவு செலவு தேவையா என்றும் தோன்றுகிறது.

ஒரு வாசகி, மேட்டுப்பாளையம்

அன்புள்ள அம்மா,

ரிகிக்கே போங்கள். மேட்டுப்பாளையம் என்று படித்ததுமே வேறு பதில் தோன்றவில்லை எனக்கு. நீங்கள் போவது உங்கள் ஊர் ரயிலின் பிறந்த வீட்டுக்கு.

ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில், அதாவது இன்ஜினின் பல்சக்கரம் தண்டவாளத்துக்கு நடுவில் உள்ள பற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் ரயில், 1871 மே 21 அன்று ரிகியில்தான் ஓடத் தொடங்கியது. கட்டியவர் நிக்லவுஸ் ரிக்கன்பாக். அதுவரை வசதி உள்ளவர்களை நாற்காலியில் உட்கார வைத்து ஆட்கள் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ரிக்கன்பாக்கிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் பிறகு தன் பெயரிலேயே வேறொரு பற்சட்ட முறையைக் கண்டுபிடித்தார். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் இருக்கிறதே, அது ஆப்ட் முறை. உங்கள் ரயிலை 1914 முதல் தள்ளிக்கொண்டு போன எக்ஸ் வகை இன்ஜின்களும் சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான வின்டர்தூரில் செய்யப்பட்டவை. நம் பொன்மலையில் செய்தவை பிற்பாடு வந்தன.

உயரத்தை மட்டும் கணக்குப் பார்த்தால் ரிகி ஊட்டியைவிடக் குறைவு. ரிகி 1,797 மீட்டர், ஊட்டி சுமார் 2,240. யுங்ஃபிரா பக்கம் ரயில் போய் நிற்கும் யுங்ஃபிராயோக் 3,454 மீட்டர். அங்கே பனி நிச்சயம், ஆனால் சிலருக்கு மூச்சு வாங்கும், தலை சுற்றும். நாளில் பெரும்பகுதி பயணத்திலேயே போய்விடும். ஒரே நாள், கூடவே முழங்கால் வலி என்றால் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

நான் போனதும் ஓர் அக்டோபரில்தான். சூரிச்சிலிருந்து லூசெர்னுக்கு ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே படகுத்துறை. ஆனால் அன்று ஏரியே தெரியவில்லை. மூடுபனி. எதிர்க்கரை இல்லை, மலை இல்லை, கட்டியிருந்த படகின் பாதியும் இல்லை. திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். டிக்கெட் கொடுத்த பெண் ஒன்றும் பேசாமல் சுவரில் இருந்த திரையைக் காட்டினார். மலை உச்சியில் வைத்திருக்கும் கேமராவின் படம் அது. அங்கே சுள்ளென்று வெயில்!

அந்தப் பக்கத்தில் இலையுதிர் காலத்தில் இது வழக்கமாம். குளிர்ந்த காற்று ஏரிமேல் தேங்கி மூடுபனியாக நிற்கும், அதற்கு மேலே வானம் சுத்தமாக இருக்கும். அதனால் சூரிச்சில் மூட்டமாக இருந்தால் மனம் தளர வேண்டாம். மகளைப் போனில் உச்சிக் கேமராவைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் வெள்ளையாக இருந்தால் மட்டும் மலையை விட்டுவிட்டு லூசெர்னில் சுற்றுங்கள்.

எனக்குக் கிடைத்தது 1928-ல் கட்டிய 'ஸ்டாட் லூசெர்ன்' என்ற நீராவிக் கப்பல். அதன் நடுவில் நின்று குனிந்தால் இன்ஜின் அறை முழுசாகத் தெரியும். ஆள் உயர இரும்புத் தண்டுகள் எண்ணெய் மினுமினுக்க ஏறி இறங்குகின்றன, சூடான எண்ணெய் வாசனை முகத்தில் அடிக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாததால் ரிகி அடிவாரத்தில் இருக்கும் விட்ஸ்னாவ் வரை ஒரு மணி நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகை விட்டு இறங்கினால் சில அடியில் மலை ரயில். காட்டுக்குள் ஏறும்போது ஜன்னலில் சாம்பல் நிறம் தவிர எதுவும் இல்லை. வழியில் கால்ட்பாட் நிலையம் வருவதற்குக் கொஞ்சம் முன்பு அந்தச் சாம்பல் வெள்ளையாகி, வெள்ளை மஞ்சளாகி, ஒரு திருப்பத்தில் சட்டென்று நீல வானம். பெட்டியில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் "ஆ" என்றோம். கீழே ஏரி இருந்த இடத்தில் பஞ்சு பரப்பியது போல மேகம். பிலாட்டஸ் மலையின் தலை மட்டும் கறுப்பாக அதில் மிதந்தது. தெற்கே பனிச் சிகரங்கள் வரிசையாக. எங்கிருந்தோ மாட்டு மணிச் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. உச்சியில் இரண்டு மணி நேரம் இருந்தேன். ஊட்டியில் மேகத்துக்குள் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். மேகத்தைக் கீழே விட்டுவிட்டு வெயிலில் அப்படி நின்றது அன்றுதான்.

செலவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தால் ரயில், படகு, ரிகி மலை ரயில் எல்லாம் அதிலேயே அடங்கும். சாப்பாடுதான் விலை, புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள், மேலே பெஞ்சுகள் உண்டு. கடைசி நிலையத்திலிருந்து உச்சிக்குக் கொஞ்ச தூரம் ஏற்றம் இருக்கிறது. முடியாவிட்டால் நிலையத்துப் பக்கத்திலேயே உட்காரலாம், காட்சியில் பெரிய குறை வராது. சாயங்காலம் லூசெர்னில் மரப்பாலத்தில் மெதுவாக நடந்து பாருங்கள். 14-ஆம் நூற்றாண்டுப் பாலம். 1993-ல் தீப்பிடித்து, கூரையடியில் இருந்த பழைய முக்கோண ஓவியங்களில் பெரும்பகுதி போய்விட்டது. ஓவியம் இல்லாத இடங்களை அண்ணாந்து பார்க்கும்போது மனசு என்னவோ செய்தது எனக்கு.

அப்புறம் ஒரு வேண்டுகோள். விட்ஸ்னாவில் ரயில் ஏறுவதற்கு முன்பு தண்டவாளத்தின் நடுவே பாருங்கள். ரிக்கன்பாக்கின் பற்சட்டம் ஏணியைப் படுக்கப் போட்டது போல இருக்கும், படிக்குப் படி கிரீஸ் தடவியிருக்கும். கல்லாறில் நீங்கள் பார்த்தது வேறு மாதிரி, பல் வெட்டிய இரண்டு பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில். ஏறும்போது சத்தமும் வேறாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு அது பிடிபடவில்லை. மலை ரயில் சத்தம் கேட்டு வளர்ந்த காது உங்களுடையது. கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

அன்புடன்.